நாடா இழுத்த இடம்

ஐம்பது தாண்டிய ஒருவன் ராக் கிதாரில் லீட் வாசிக்கப் பழகினால் வீட்டில் என்ன மரியாதை கிடைக்குமோ, அது எனக்கும் கிடைத்தது.

"அந்தக் கம்பியப் போட்டு எதுக்கு இப்பிடி அழ வைக்கிய? மிக்ஸி ஓட மாட்டேங்கு, அதப் பாருங்க" என்றாள் மனைவி.

நான் பழகியது நண்பனுக்காக. கல்லூரிக் காலத்தில் எங்கள் குழுவில் தனியாகச் சுரம் வாசிக்கும் லீட் அவன், பின்னால் கார்டு பிடிக்கும் ரிதம் நான். ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் விழா, யார் கூப்பிட்டாலும் போவோம். அவனுக்கு ஒரே ஒரு வெளிநாட்டுக் கிதார்காரர்தான் சாமி. அவர் வேகம் காட்ட மாட்டார். ஒரு சுரத்தைப் பிடித்து, கம்பியை விரலால் மெல்ல மேலே தள்ளி, உச்சியில் நடுங்கவிட்டுக் காத்திருப்பார். கப்பல்காரர் ஒருவரிடம் வாங்கிய கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு நண்பன் அதைப் பிடித்தான்.

போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்து இடது கை விளங்காமல் போய்விட்டது. கம்பியைத் தள்ளும் கை அதுதான். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உள்ள புதுக்கோட்டையில் இருக்கும் அவன் வீட்டுக்குப் பார்க்கப் போனேன்.

"ஏலே, அந்த லீடை ஒருக்கா நேர்ல கேக்கணும்லே. நீ வாசி."

"நானா? நாலு கார்டை வச்சே காலத்த ஓட்டினவம்லே நான்."

"பக்கத்துல நின்னு கேட்டவன் நீ ஒருத்தன்தானலே."

துறைமுகத்து கிளியரிங் ஆபீஸிலிருந்து வந்ததும் மொபைலில் கிதார் சொல்லித்தரும் வீடியோ பார்ப்பேன். உப்புக்காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். விரல் வழுக்கி, பக்கத்துக் கம்பியையும் கூட்டிக்கொண்டு போனது. எப்படியோ சில மாதங்களில் அசலின் மேலேயே வைத்து வாசித்தாலும் பிசகாத அளவுக்கு வந்துவிட்டது. வேறு யாருக்கும் வராததால், எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் முன்னால் கண்ணை மூடி வாசித்தேன். அவன் மனைவி கைதட்டினாள். அவன் தட்டவில்லை. ஒரு கையால் எப்படித் தட்டுவான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

"நல்லாத்தாம்லே இருக்கு. ஆனா உச்சிக்குப் போகதுக்கு முன்னால கொஞ்சம் தொய்ஞ்சு எந்திரிக்குமே, அது எங்க?"

"அசல்ல அது கெடையாதுலே. நேரா ஏறுது."

மொபைலில் அசலைப் போட்டேன். கேட்டுவிட்டு மறுபடியும் போடச் சொன்னான். பிறகு சிரித்தான்.

"அப்போ அந்தக் கேசட்டுல நாடா இழுத்துதான் தொய்ஞ்சிருக்குலே. அதையும் சேத்துல்லா படிச்சிருக்கேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வெளிநாட்டுக்காரரைக் கேட்க நான் எதற்கு, மொபைல் போதுமே. அவன் கேட்க ஆசைப்பட்டது தன் இடது கையை. அதில் அவனுடையது என்று இருந்ததே அந்தத் தொய்வு ஒன்றுதான். அதைத்தான் நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தேன்.

"சரி, எப்படித் தொய்யும்? பாடிக் காட்டு."

பாடினான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் சுரம் நிற்கவில்லை. கேசட் எப்போதோ அறுந்துபோனது. எங்கள் கச்சேரியை யாரும் பதிவு செய்ததில்லை, செய்யும் அளவுக்கு நாங்கள் வாசித்ததும் இல்லை. எத்தனை மேடைகளில் அவன் பக்கத்தில் நின்றிருக்கிறேன்! அந்த இடம் வரும்போதெல்லாம் நான் அடுத்த கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன், இல்லையென்றால் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறேன். விதவிதமாகத் தொய்யவிடுகிறேன். "இல்லலே" என்பான். "இன்னும் கொஞ்சம்" என்பான். போன வாரம் ஒரு தடவை, "ஆங், இதாம்லே!" என்றான். என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

அதையே இன்னொரு தடவை வாசிக்கப் பார்த்தேன். அதுவும் வரவில்லை.