சிவப்பு விளக்கும் பிஹு மேளமும்

லண்டன் புறநகரான மோர்டனில் ஒரு வாடகை மண்டபம். அசாம்காரர்கள் பிஹு ஆடுகிறார்கள். பெண்கள் இடுப்பில் கைவைத்து வளைய, எருமைக்கொம்புக் குழல் பிளிற, டோல் மேளம் அதிர்கிறது. திடீரென்று சுவரில் சிவப்பு விளக்கு எரிகிறது. பாடகியின் மைக் செத்துவிடுகிறது.

"சத்தம் கூடினால் மெசின் கரண்டை வெட்டிப்போடும். கவுன்சில் ரூல்," என்கிறார் மண்டபப் பொறுப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர்.

எனக்கு ஆத்திரமாக வருகிறது. சென்னையிலிருந்து வந்து பிஹுவை முதல்முறையாகப் பார்க்கிறேன், அதுவும் பாதியில் நிற்கிறது. "அப்போ அவ்வளவுதானா அண்ணே?"

"ஏன், மேளத்துக்குக் கரண்டே வேணும்? அவை அடிக்கட்டும். நான் யன்னலைச் சாத்திறன்."

டோல்காரர் மைக்கை ஓரமாக நகர்த்திவிட்டு முன்னிலும் ஓங்கி அடிக்கிறார். பாடகி வெறும் தொண்டையிலேயே எடுத்துப் பாடுகிறாள். பொறுப்பாளர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு போகிறார். மூன்றாவது ஜன்னலை எட்டுவதற்குள் அவர் கையும் இடுப்புக்குப் போய்விடுகிறது.