மூன்று தடவை சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் தேய்ந்துபோகலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். தேய்ந்துதான் போனது. நாற்பது பிள்ளைகளை ஓர் அதட்டலில் உட்காரவைத்த டீச்சர் நான். இப்போது ஃபேன் வேகமாகச் சுற்றினாலே நான் பேசுவது எதிரில் இருப்பவருக்குக் கேட்காது. பள்ளிக்கூடத்தில் என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் சத்தம் போடக் கூடாது, அதனால் எனக்கு ஏற்ற இடம் என்றார் தலைமையாசிரியை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

போன ஆவணியில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை காட்டூரில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயர ஸ்பீக்கர்கள். பாட்டுக் கச்சேரிக்காரர்கள் போட்ட போட்டில் உட்கார்ந்திருந்த நாற்காலியே அதிர்ந்தது. அம்மாவைப் பற்றிப் பேச அண்ணனுக்கும் தம்பிக்கும் அந்த இடம்தான் கிடைத்தது. தாலி கட்டியதும் பெங்களூர் கிளம்ப வேண்டும் என்று தம்பி பறந்துகொண்டிருந்தான்.

அம்மா அதுவரை அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணிக்கு மூட்டு வலி, இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டார். மணப்பாறை போகிற வழியில் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவைத்திருப்பதாக அண்ணன் தம்பியின் காதருகே கத்தினார். தம்பி பதிலுக்குக் கத்தினான். அவர்களால் கத்த முடிந்தது.

நான் எழுந்து அண்ணனிடம் போனேன். கணவர் காலமான பின் ஸ்ரீரங்கத்தில் இரண்டு அறை வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன்.

“அம்மாவ நான் வச்சுக்கறேன்ணே.”

“என்னம்மா?”

இன்னொரு தடவை சொன்னேன். காதருகே கையைக் குவித்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“ஆமா, ஏசி பத்தல. ஆளுகிட்ட சொல்லிட்டேன்.”

தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். “நான் சாப்டாச்சுக்கா, நீ போய் சாப்டு,” என்றான். தொண்டை கிழிகிற மாதிரி இன்னொரு முறை முயன்றபோது இருமல்தான் வந்தது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். நான் குடித்து நிமிர்வதற்குள் இருவரும் போட்டோவுக்கு மேடையேறிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கழித்து அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வேர்க்க வேர்க்கப் பேசினேன். ஒரு சொல் விடாமல் அவருக்குக் கேட்டது. அவர் கேட்ட கேள்வியிலேயே அது தெரிந்தது.

“அன்னைக்கு நீயும் கூடத்தானே இருந்த? அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேன்ணே. மூணு தடவ சொன்னேன்.”

“எல்லாம் பேசி முடிச்சாச்சும்மா. நீ ஸ்கூலுக்குப் போயிட்டா அம்மாவ யாரு பாத்துக்குவா? அங்க நர்ஸ் இருக்காங்க. நீ உன் உடம்பப் பாத்துக்க.”

அதுவரை அந்த ஸ்பீக்கர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே அம்மாவைக் கொண்டுபோய் விட்டார்கள். சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எல்லாருக்கும் சம்மதம்னு உங்கண்ணன் சொன்னான். நீயுமா?”

“இல்லம்மா. நான் வச்சுக்கறேன்னு சொன்னேன். அவங்களுக்குக் கேக்கல.”

அம்மா என் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“சரி, இப்ப வாம்மா. ஆட்டோ பிடிச்சிட்டு வரேன்.”

“இப்ப கிளம்பிப் போனா உங்கண்ணனுக்குத்தான் அசிங்கம். நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. இருக்கட்டும் விடு.”

அவளை இங்கே கொண்டுவந்து விட்ட பிள்ளையின் மானம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. கூப்பிட வந்தவளின் மனசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அப்போது பக்கத்துக் கட்டில் அம்மாள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். இது யார் என்று கேட்டார்.

“என் பொண்ணுதாங்க,” என்றாள் அம்மா. “அதிகம் பேச மாட்டா.”