அப்பா சொன்ன இரண்டு ஊர்கள்

என் அப்பா தோணியில் ஏறியதே இல்லை. மகாவலி ஆற்றைக்கூட பேராதனைப் பாலத்தின் மேல் பஸ்ஸில் உட்கார்ந்துதான் கடப்பார். ஆனாலும், இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்று, கண்டிக் கடைவீதியில் எங்களுக்குப் பெயர் கள்ளத்தோணி.

புசல்லாவைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, அங்கேயே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி, அங்கேயே தலை நரைத்தவர். அவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தால்தான் எனக்கும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தால்தான் ஆசிரியை வேலை. பரீட்சையில் ஏற்கெனவே தேறியிருந்தேன். ஆகவே கங்காணியிடம் இரவல் வாங்கிய கோட்டை மாட்டிக்கொண்டு அப்பா கண்டியில் குடியுரிமை மனுக்களை விசாரிக்கும் கந்தோருக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் மொழிபெயர்த்தார்.

“உங்கட ஊர் எது?”

இந்தக் கேள்விக்கு லயத்தில் ஒரே அர்த்தம்தான். பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தாத்தா இந்தியாவில் விட்டுவந்த ஊரைச் சொல்ல வேண்டும். அந்த ஊரை அப்பா படத்தில்கூடப் பார்த்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “துறையூர் பக்கமுங்க!”

அதிகாரி சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். ஊர் அங்கே இருக்கும்போது ஆளுக்கு இங்கே என்ன வேலை? மனு தள்ளுபடி.

பஸ்ஸில் வழிநெடுக அப்பாவைத் திட்டினேன்.

“பொறந்த எடம்னா கேட்டாங்க? ஊர்னுதானே புள்ள கேட்டாங்க” என்றார் பாவமாக.

சில வருடம் கழித்து இந்தியக் குடியுரிமைக்கு மனுப்போடச் சொன்னார்கள். அங்கும் அதே கேள்வி. ஒருமுறை சூடுபட்ட அப்பா இம்முறை வெகு உஷார். “புசல்லாவைங்க!” என்றார். அப்படியானால் இலங்கைக்காரர்தானே என்று இந்திய அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆள் ஒருவர் சொன்னதை அரசாங்கங்கள் மறுபேச்சில்லாமல் நம்பிய அதிசயம் அந்த இரண்டு தடவைதான் நடந்தது.

ஆக, நாங்கள் நாடற்றவர்கள். என் வேலை வேறு யாருக்கோ போயிற்று. நான் கண்டியில் ஒரு புடவைக்கடையில் சேலை மடித்தேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அப்பா மேல் அல்ல.

சட்டத்துக்கு எங்கள் மேல் இரக்கம் வருவதற்குள் அப்பா போய்விட்டார். மரணச் சான்றிதழ் எடுக்க, ஒரு பை நிறையக் கடதாசிகளோடு போனேன். பதிவாளர் ஒன்றையும் புரட்டவில்லை.

“பிறந்ததும் புசல்லாவையில்தானே?” என்று அவராகவே கேட்டு, எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

உயிரோடு இருந்தவரைக்கும் அந்த ஒரு வரியை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை.