பள்ளிப் பாவாடையில் சுங்கிடிப் புள்ளி

எங்கள் வீட்டில் ஒரு பற்பசை ட்யூப் மூன்று முறை தீரும். முதல் முறை எல்லார் வீட்டிலும் தீர்வதுபோல் தீரும். பிறகு அம்மா அதன்மேல் பூரிக்கட்டையை உருட்டுவாள். இன்னும் நான்கு நாள் ஓடும். அதுவும் முடிந்தால் கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி, உள்ளே ஒட்டியிருப்பதை ப்ரஷ்ஷால் வழித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் புது ட்யூப்பைத் திறந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க அதே பேச்சாக இருக்கும்.

சோறும் அப்படித்தான். அரிசி முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பானையைப் பழைய போர்வைக்குள் சுற்றிக் கட்டில் ஓரமாக வைத்துவிடுவாள். மீதியை அந்தச் சூடே வேகவைத்துவிடும், கேஸ் மிச்சம். ஒருமுறை ஊரிலிருந்து வந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, யாருக்குக் காய்ச்சல் என்று மெதுவாகக் கேட்டார்.

இதற்காக யாரும் அம்மாவைக் கஞ்சம் என்று சொன்னதில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருவில் அவளுக்கு இருந்த மரியாதையே இதனால்தான். பால் திரிந்துபோனால், குக்கர் விசில் அடிக்கவில்லை என்றால், செருப்பு வார் அறுந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். “கடையில வாங்க யாருக்கும் தெரியும் மதினி. நம்ம கையால செய்யத் தெரியணும்ல” என்பாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு களை வரும். அப்பா நூல் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து, இந்தப் பேச்சு காதில் விழாததுபோல் காலை நீட்டிப் படுத்துக்கொள்வார்.

நான் ஏழாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் இது நடந்தது. என் பள்ளிப் பாவாடையின் மெரூன் நிறம் வெளுத்து, காரை பெயர்ந்த செங்கல் போல ஆகியிருந்தது. எதிர்வீட்டு அத்தையின் மகளும் என் வகுப்புதான். அவள் பாவாடையும் அதே லட்சணத்தில் இருந்தது. அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை, எதிர்வீட்டில் இருந்ததால் அத்தை. புதுசு எடுக்க பஜாருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை அம்மாதான் தடுத்து நிறுத்தினாள்.

“துணி கல்லு மாதிரி இருக்கு. நெறந்தான போச்சு? ஞாயித்துக்கெழம நான் சாயம் போடப் போறேன். குடுங்க, சேத்துப் போட்டுத் தாரேன்.”

அத்தை யோசித்தாள். “திங்கக்கெழம பள்ளிக்கூடம் தொறக்குதே மதினி.”

“ஞாயித்துக்கெழம சாயங்காலம் இஸ்திரி போட்டுக் கையில குடுப்பேன், போதுமா?”

அம்மா பேச்சுக்காகச் சொல்லவில்லை. அவள் பிறந்தது சின்னாளபட்டியில், சுங்கிடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீட்டில். துணியை நகத்தளவு கிள்ளி எடுத்து, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்க வேண்டும். சேலை முழுக்க இப்படி முடிந்து சாயத்தில் போட்டால், முடிச்சுக்குள் சாயம் ஏறாது. காய்ந்தபின் துணியை இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து, அந்த இடமெல்லாம் புள்ளியாக நிற்கும். அம்மா எட்டு வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் இந்த வேலை பார்த்தவள். மாமா வீட்டுக்கு விடுமுறையில் போகும்போது பார்த்துப் பார்த்து எனக்கும் அது வந்துவிட்டது. வேலையாக வரவில்லை, கைப்பழக்கமாக வந்தது. கைக்குட்டை, தாவணி நுனி, தலையணை உறை என்று கையில் எது கிடைத்தாலும் முடிந்துகொண்டே இருப்பேன்.

எதிர்வீட்டைப் பார்த்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். மொத்தம் ஐந்து பாவாடைகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அவற்றை என் மடியில் குவித்து, பின்னூசி, ஊக்கு எதுவும் இருந்தால் கழற்றிவிட்டு நனைக்கப் போடச் சொன்னாள். ஊக்கு இருந்தால் துரு இறங்கிவிடும்.

கரண்ட் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவது பாவாடை என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். எப்படியும் என் பாவாடைதானே என்று அரிசிச் சாக்கிலிருந்து ஒரு நூலை உருவி, கீழ் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டேன். ஒன்று போட்டால் பக்கத்தில் இன்னொன்று போடத் தோன்றும். நாலு சேர்ந்தால் பூ. ஒரு பூவோடு விட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அவிழ்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக.

அப்போது தெருமுனையில் யாரோ “தண்ணி வந்துருச்சு” என்று கத்தினார்கள். திண்டுக்கல்லில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர் அது. துணிகளை அப்படியே சுருட்டி வாளிக்குள் திணித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “எல்லாம் பாத்துட்டியா?” என்று அம்மா கேட்டாள். “பாத்துட்டேம்மா” என்றேன்.

மதியம் கொல்லையில் மூன்று கல் கூட்டி, கேஸ் செலவாகாமல் தென்னைமட்டையில் தீ மூட்டி, அம்மா அண்டாவை ஏற்றினாள். சாயத்தூள், கல் உப்பு, கொதிநீர். துணி கொடுத்த பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். அம்மா கொம்பால் துணிகளை அமுக்கித் திருப்பினாள். அப்போது ஒரு பாவாடையின் ஓரம் மேலே வந்தது. அதில் பருப்பருவாக ஏதோ தெரிந்தது.

எனக்குப் பகீரென்றது. முடிச்சுகளை நான் அவிழ்க்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, பாலியஸ்டர் துணியில் இந்தச் சாயம் ஏறாது, அதனால்தான் தைக்கும்போதே காட்டன் எடுக்கச் சொன்னேன் என்று எதிர்வீட்டு அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அத்தனை பேர் நடுவில் அம்மாவை நிறுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. துணி காயப்போட்டதும் யாரும் பார்க்காமல் போய் அவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். செய்த அடுத்த நிமிஷம்தான், அவிழ்த்தால்தானே புள்ளி தெரியும் என்பது உறைத்தது. அவிழ்க்காவிட்டால் முடிச்சு தெரியும், அவிழ்த்தால் புள்ளி தெரியும். அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். “தீக்கிட்ட என்ன பிள்ள சுத்திக்கிட்டுத் திரியிற?” என்று அம்மா விரட்டினாள்.

அப்படியும் ஒரு ஆறுதல் இருந்தது. கெட்டது என் பாவாடைதான். ஒரு அடி விழும், வாங்கிக்கொள்ளலாம்.

நாலு மணிக்குக் கொடியில் ஐந்து பாவாடைகளும் புதுசுபோல் மெரூனாக ஆடின. அம்மா ஒவ்வொன்றாக உதறி எடுத்துக்கொண்டே வந்தவள் மூன்றாவதில் நின்றாள். ஓரத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு முடிச்சை விரலால் தடவினாள். பிறகு இடுப்புப் பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே பச்சை நூலில் ஒரு எழுத்து தைத்திருந்தது. அது எதிர்வீட்டுப் பெண்ணின் எழுத்து.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கிணற்றடிப் பக்கம் பார்த்தேன்.

துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். முடிச்சுகள் தெறித்தன. இருபத்து மூன்று புள்ளிகள் இருந்தன. ஐந்து பூவும், ஆறாவது முடிவதற்குள் தண்ணீர் வந்துவிட்டதால் மூன்று புள்ளியும். பழைய செங்கல் நிறத்தில் அவை பளிச்சென்று தெரிந்தன. சாயத்தூள் தீர்ந்துபோயிருந்தது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் கடையும் இல்லை. அதற்குள் எதிர்வீட்டு அத்தை வாங்கிப்போக வந்துவிட்டாள்.

“என்னா மதினி இது?” என்றாள்.

“என் தப்புதான் மதினி” என்றாள் அம்மா. “பேசிக்கிட்டே இருந்தனா, பழைய நெனப்புல கை தானா முடிஞ்சிருச்சு. நான் கவனிக்கல.” பேசிக்கொண்டே கொடியிலிருந்து என் பாவாடையை உருவி மடித்தாள். “நம்ம பிள்ளையும் இதே அளவுதான். இத எடுத்துக்கங்க, சுத்தமா இருக்கு.”

அத்தை அதை வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள். “மிச்சம் புடிக்கிறது நல்லதுதான் மதினி” என்றாள். “அதுக்குன்னு…” என்று இழுத்தாள். மற்ற இருவரும் தங்கள் துணிகளை வாங்கி, வாசலிலேயே நின்று ஓரம் ஓரமாகச் சோதித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அண்டாவின் அடியில் தங்கியிருந்த சாயத்தைத் தீக்குச்சியில் தொட்டு, ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் வைத்தாள். அது காய்ந்ததும் வட்டத்துக்குள் வட்டமாக இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா நிஜமாகவே தான் முடிந்ததாகத்தான் நினைக்கிறாள் என்று மனதுக்குள் உறுதி செய்துகொண்டேன். அவளுக்கும் மறதி உண்டுதானே. இப்படி நினைத்ததும் பயம் பாதியாகக் குறைந்தது.

திங்கட்கிழமை காலையில் பிரேயர் முடியும்வரை புத்தகப் பையைப் பாவாடைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். பி.டி. டீச்சர் வரிசை வரிசையாக வந்தார். பையை இறக்கச் சொன்னார்.

“இதென்ன, யூனிபார்மா, சேலையா? யார் பண்ணினது இது?”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “எங்கம்மாதான் டீச்சர். தெரியாம முடிஞ்சிட்டாங்க” என்றேன்.

பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது. எதிர்வீட்டுப் பெண் என் பாவாடையைப் போட்டுக்கொண்டு இரண்டு ஆள் தள்ளி நின்றாள், அவளும் சிரித்தாள். மறுநாள் அம்மாவை அழைத்துவரச் சொல்லி டைரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

மறுநாள் அம்மா வந்தாள். கஞ்சி போட்ட சேலையில், ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். டீச்சர் சத்தமாகத்தான் பேசினார். வீட்டில் சாயம் போட்டுப் புள்ளி வைத்துக் கொடுத்தனுப்ப இது என்ன பொங்கல் துணியா, ஒரு பாவாடை வாங்கிக் கொடுக்க முடியாதா என்றார். நான் பக்கத்தில் நின்று, அம்மா என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பொய் சொல்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தொலைந்தேன்.

“என் தப்புதான் டீச்சர். நாளைக்குச் சரியா போட்டு அனுப்புறேன்” என்றாள்.

எனக்கு அப்போது வந்தது நிம்மதி. வேறொன்றும் இல்லை, அப்பாடா என்ற நிம்மதி மட்டும்தான். அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்ட ஒருத்திக்குத் தன் கை போட்டது எது, பிள்ளைக்கை போட்டது எது என்று தெரியாமலா இருக்கும்? சாக்கு நூலில் அம்மா என்றைக்கு முடிந்தாள்? ஒருமுறை விரலால் தடவியபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கு அது தெரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

பள்ளியிலிருந்து நேராக பஜாருக்குப் போனோம். ஆயத்த உடைக் கடைக்குள் அம்மா நுழைந்ததை அன்றுதான் பார்த்தேன். அளவு சொன்னாள், எடுத்துப் போட்டதை வாங்கினாள். துணியைக் கசக்கிப் பார்க்கவில்லை, தையலை இழுத்துப் பார்க்கவில்லை, பேரம் பேசவில்லை. கடைக்காரர் பெரிய எழுத்தில் கடைப் பெயர் போட்ட மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். அம்மா பாவாடையை மட்டும் எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் மெத்தைக்கு அடியில் பை சேர்த்து வைப்பவள், சும்மா கிடைத்த பையை வேண்டாம் என்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வாசலில் இரண்டு கட்டு அரைக்கீரை வாங்கி, ஒயர் கூடையில் பாவாடையை அடியில் வைத்து, மேலே கீரையைப் பரப்பினாள்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்டனை இல்லை, அடி இல்லை, அதற்குமேல் கடையில் வாங்கிய புதுப் பாவாடை. வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் போட்டிராத, யாரும் தைத்துக் கொடுக்காத, மடிப்புக் குலையாத பாவாடை. தெருவுக்குள் திரும்பியதும் அம்மா நடையை எட்டிப் போட்டாள். எதிர்வீட்டு வாசலில் அத்தை அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகளும் பக்கத்தில் இருந்தாள். நேற்று சிரித்தது எனக்கு மறக்கவில்லை.

கூடைக்குள் கையை விட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் விளையாட்டு என்று நினைத்து உருவிக்கொண்டேன். கீரை தெருவில் சிதற, பாவாடையை வெளியே எடுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

“ஏய், இங்க பாரு. புதுசு. கடையில வாங்குனது.”

அத்தை அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். பாவாடையைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“கடையில எடுத்துட்டீங்களா மதினி?”

“ஆமா மதினி” என்றாள் அம்மா.

குனிந்து கீரையை ஒவ்வொரு தண்டாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடிக்க அவளுக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அதன்பிறகு எங்கள் தெருவில் யாரும் எதையும் சரிசெய்துதரச் சொல்லி அம்மாவிடம் வரவில்லை. வருவார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. அன்று வீட்டுக்குள் வந்ததும் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாவாடை நிறம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, அதுதான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து, ரெண்டு தடவை துவைத்தால் சரியாகிவிடும் என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.