அஞ்சலாட்சி கேட்ட கேபின்

அரிகிருஷ்ணன் குழம்பில் உப்பில்லை என்றாலும் உப்புக் கேட்க மாட்டான். சத்தம் காட்டாமல் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவான். பஸ்ஸில் யாராவது அவன் கால்மேல் நின்றால்கூட, அவர்களாகப் பார்த்துக் காலை எடுக்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். அப்படிப்பட்டவனுக்குப் போய், வாயைத் திறந்தாலே எதையாவது கேட்கிற அஞ்சலாட்சி பெண்டாட்டியாக வாய்த்தாள். முதலியார்பேட்டையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

அவள் கேட்பது கெஞ்சுவது போல இருக்காது, சண்டை போலவும் இருக்காது. கடைக்காரரிடம் இன்னொரு கறிவேப்பிலைக் கொத்து கேட்பது போல, சாதாரணமாகக் கேட்பாள். இரண்டு பேரும் ஒரே பஞ்சாலையில் வேலை. அவன் ஃபிட்டர், அவள் நூல் சுற்றுகிற பெண்கள் கொட்டகையில். அங்கே குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் ஆண்கள் பகுதி முழுவதையும் கடந்து போக வேண்டும். போகும்போதும் வரும்போதும் கேலிப் பேச்சு. அதற்குப் பயந்து பாதிப் பெண்கள் பொழுது முழுக்கத் தொண்டை வறண்டு கிடப்பார்கள். ஒரு நாள் ஆலையை நடத்துகிற மாஸ்டரின் பங்களாத் தோட்டத்துக்குப் புதுக் குழாய் போட்டார்கள். அஞ்சலாட்சி நேரே மாஸ்டரிடம் போனாள். தோட்டத்துக்குப் போகிற குழாய் எங்கள் கொட்டகையை ஒட்டித்தானே போகிறது, நடுவில் தண்ணீர் பிடிக்க ஒரு திருகு வைத்தால் என்ன என்று கேட்டாள். மாஸ்டர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, வை என்று சொல்லிவிட்டார்.

அந்தத் திருகை வைத்தவன் அரிகிருஷ்ணன். வேலை முடிந்து எழுந்தபோது, முதல் சொம்புத் தண்ணீரைப் பிடித்து, நீங்க குடிங்க முதல்ல என்று அவனிடம்தான் நீட்டினாள். மூன்று வருஷமாக அந்தக் கொட்டகை வழியாகப் போய் வருகிற தனக்கு இது தோன்றவே இல்லையே என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றிரவு அம்மாவிடம் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னான். சொன்னான் என்றால், பேரை மட்டும் சொன்னான். மிச்சத்தை அம்மா பார்த்துக்கொண்டாள்.

சம்பந்தம் பேசி முடித்த சமயத்தில்தான், மில்லில் முன்பு இருந்த எஞ்சினியர் ஒருவர், கடலுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர் ஆளுகிற ஜிபூத்தியிலிருந்து கடிதம் போட்டார். அங்கே ரயில் பட்டறைக்கு நல்ல ஃபிட்டர் வேண்டும், பெண்டாட்டியோடு வந்தால் இரண்டு பேருக்கும் கப்பல் பயணம் கம்பெனி செலவு, ஆனால் கல்யாணக் காகிதம் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார். அது ஐம்பத்து நான்காம் வருஷத்து ஐப்பசி. பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறப்போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. கொடி மாறினால் பிரெஞ்சுக் காகிதம் எதுவும் கிடைக்காது என்று யாரோ கிளப்பிவிட, பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் காகிதம் வாங்க ஜனங்கள் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் நெருக்கியடித்தார்கள். இவர்கள் குடும்பமும் போய் நின்றது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கல்யாணத் தேதி போட்டுக் குடும்பப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சர்க்கார் கணக்கில் கல்யாணம் முடிந்தது.

வீட்டுக் கணக்கில் முடியவில்லை. அஞ்சலாட்சிக்கு மூத்தவள் கமலா இருந்தாள். மூத்தவள் இருக்க இளையவள் கழுத்தில் தாலி ஏறக்கூடாது. கமலாவுக்கு மாப்பிள்ளை கிடைத்துக் கல்யாணம் நடக்கச் சித்திரை ஆகிவிட்டது. வைகாசியில்தான் இவர்களுக்கு முகூர்த்தம். நடுவில் ஓடிய ஏழு மாதமும் காகிதத்தில் அவர்கள் புருஷன் பெண்டாட்டி, தெருவில் அந்நியர். தாலி கட்டுகிற வரைக்கும் பேசக்கூடாது என்று இரண்டு வீட்டிலும் கட்டளை. இருவரும் அதை மீறவில்லை.

கல்யாணமான மூன்றாம் நாளே கப்பல் சீட்டு வந்தது. அதோடு ஒரு கடிதமும் இருந்தது. ஜிபூத்தியில் இறங்கிய மறுநாளே அரிகிருஷ்ணன் ரயில் பாதை வேலைக்கு உள்நாட்டுக்குப் போக வேண்டும். ஆறு மாதம் கூடாரத்தில் தங்கல். அதுவரை அஞ்சலாட்சி அங்கே நம்மூர்க் குடும்பம் ஒன்றோடு இருக்கலாம். கப்பலில் கொடுத்திருந்ததோ கடைசி வகுப்பு. ஆண்களுக்குக் கப்பலின் ஒரு கோடியில் பொதுக்கூடம், பெண்களுக்கு இன்னொரு கோடியில். பதினோரு நாள் பயணம். அந்தப் பதினோரு நாளும் போனால் அப்புறம் ஆறு மாதம் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கல்யாணச் சந்தடியில் மூன்று நாளாக இருவரும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியிருக்கவில்லை. அரிகிருஷ்ணன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். வேறென்ன செய்வான்.

அஞ்சலாட்சி அப்படி விட்டுவிடவில்லை. அவளோடு வேலை செய்த சின்னப்பாப்பாவின் மச்சான் கப்பலில் சமையல்காரன். அவனிடமிருந்து சேதி வந்தது. இரண்டாம் வகுப்பில் விலைபோகாத கேபின் இருந்தால், புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் கப்பல் கம்பெனி ஏஜென்ட் துரை மனசுவைத்துச் சும்மாவே கொடுப்பதுண்டாம். ஆனால் தானாகக் கொடுக்க மாட்டாராம். கேட்டால்தான் கொடுப்பாராம். இதைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்து, இவள் கேட்கப் போகிறாள் என்று அரிகிருஷ்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் கேட்கப் போகிற விதத்தைப் பக்கத்தில் இருந்து அப்போதுதான் பார்த்தான். முதலில், கேபின் உண்மையிலேயே காலியாக இருக்கிறதா என்று சின்னப்பாப்பா மூலமாக விசாரித்துக்கொண்டாள். இல்லாத ஒன்றைக் கேட்டு ஒரு மனுஷனைச் சங்கடப்படுத்தக்கூடாது என்பது அவள் கொள்கை. காலையில் போகக்கூடாது, ஆபீசில் வேலை தலைக்குமேல் இருக்கும். மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, மறுபடியும் திறக்கிற நேரம்தான் சரி. கூறைப்புடவையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஃபிட்டர் ஆயுதப் பெட்டியை அடுக்குகிற மாதிரி அவள் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். நல்ல வேலைக்காரியை வேலைக்காரனுக்குத் தெரியாதா? அவனுக்குள் மரியாதை வந்தது. ஆனாலும் ஏஜென்ட் ஆபீஸ் வந்ததும், நீ போய்ட்டு வா, நான் இங்கியே நிக்கறேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டான்.

கடற்கரைக்கு ஒரு தெரு உள்ளே தள்ளி இருந்தது ஆபீஸ். முன்மேசையில் குமாஸ்தா தெய்வசிகாமணி. பின்னால் ஜன்னலோரம் நரைத்த தலையோடு துரை. அஞ்சலாட்சி துரையைப் பார்த்துப் பிரெஞ்சு வணக்கமாக ஒரு போன்ழூர் சொல்லிவிட்டு, குமாஸ்தாவிடம் விஷயத்தைச் சொன்னாள். பன்னிரண்டாம் நம்பர் கேபின் காலியாம், எங்களுக்கு இப்போதுதான் கல்யாணமாகியிருக்கிறது, அதைக் கொடுத்தால் சந்தோஷமாகப் போவோம் என்றாள். தெய்வசிகாமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவர் துரையிடம் சொல்ல, துரையும் தலையசைத்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குமாஸ்தா குடும்பப் புத்தகத்தைப் பிரிக்கிற வரைக்கும்.

கல்யாணமாகி முப்பது நாளுக்குள் இருந்தால்தான் புது ஜோடி என்பது கம்பெனி வழக்கம். புத்தகத்தில் இருந்ததோ ஐப்பசி மாதத்துத் தேதி.

அஞ்சலாட்சி பத்திரிகையை நீட்டினாள். அக்காள் கதையைச் சொன்னாள். மஞ்சள் வெளுக்காத தாலிக்கயிற்றைக்கூட எடுத்துக் காட்டினாள். குமாஸ்தா கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அது உங்க வீட்டு வழக்கம்மா. எங்களுக்கு இந்தப் புத்தகத்துல இருக்கற தேதிதான். ஏழு மாசம் குடும்பம் நடத்தியாச்சுன்னுதானே இதுக்கு அர்த்தம்?" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வாசலிலிருந்து அரிகிருஷ்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு இல்லை என்கிற பதில் புதிதல்ல என்று அவனுக்குத் தெரியும். மில்லில் எத்தனையோ தடவை இல்லை என்றிருக்கிறார்கள். சரிங்க, அப்புறமா வந்து கேக்கறேன் என்று சிரித்துக்கொண்டே திரும்பிவிடுவாள். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அப்புறம் என்று ஒன்று இல்லை, கப்பல் நாளை மறுநாள் கிளம்புகிறது. புத்தகத்தின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றாள். இத்தனை பேருக்காக எத்தனையோ கேட்டு வாங்கியவள், தனக்கென்று கேட்ட ஒரே தடவையில் இப்படி நிற்கிறாளே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கென்று மட்டுமா? அவனுக்கும் சேர்த்துத்தானே கேட்டாள்? தான் வாசலில் செருப்புக்குக் காவல் போல நிற்கிறோமே என்று தன்மீதே கோபம் வந்தது. எப்போது உள்ளே வந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"ஐயா, இவ சொல்றது நெசம்," என்றான். "காயிதத்துல ஏழு மாசமா இவ எம்பொண்டாட்டி. ஆனா நான் இவகிட்ட பேச ஆரம்பிச்சதே இந்த வாரந்தான். இந்த ஏழு மாசமும் எனக்கு ராத்திரி ஷிப்டு. சாயந்தரம் சங்கு ஊதுனா இவ வேல முடிஞ்சி வெளில வருவா, நான் உள்ள போவேன். மில்லு வாசல்ல பாத்துக்குவோம். அவ்ளோதான். தாலி கட்டாம பேசக்கூடாதுன்னு சொன்னாங்க, பேசல. அங்க எறங்குன மறுநா நான் பாதை வேலைக்குப் போவணும். எங்களுக்குன்னு இருக்கறது இந்தப் பதினோரு நாளுதான். எங்களுக்குக் குடுங்க."

அவன் வாழ்க்கையில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. அஞ்சலாட்சி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி மெதுவாக எழுந்துபோய்த் துரையிடம் பிரெஞ்சில் சொன்னார். சொல்லி முடிக்க நேரமாயிற்று. துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தெனமும் அப்பிடிப் பாத்துக்கிட்டீங்களான்னு கேக்கறாரு," என்றார் குமாஸ்தா.

அரிகிருஷ்ணன் யோசித்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது. "ஞாயித்துக்கெழம மில்லு லீவுங்க," என்றான்.

துரை சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை. சீட்டை வாங்கிப் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொழும்பில் விலை கொடுத்து யாராவது வந்தால் காலி செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லச் சொன்னார். கொழும்பில் யாரும் வரவில்லை.

அறுபத்தொன்றில் இருவரும் லீவுக்கு ஊர் வந்தபோது, கப்பலேறப் போகிற புது ஜோடிகள் அஞ்சலாட்சியைத் தேடி முதலியார்பேட்டைக்கு வந்தார்கள். எந்த நேரத்தில் போவது, என்ன உடுத்துவது, யாரிடம் முதலில் பேசுவது என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். மேரியில் தேதி போடுவதற்கு முன்னால் வீட்டு முகூர்த்தத்தை நிச்சயம் செய்யுங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள். உங்களுக்குக் கேபின் கிடைத்ததே, எப்படிக் கேட்டீர்கள் என்றால் மட்டும், நான் எங்க கேட்டேன், அவுரு கேட்டாரு என்று சொல்லிவிட்டு உள்ளே இருக்கிற அரிகிருஷ்ணனைப் பார்ப்பாள். அவள் விளையாட்டாகச் சொல்கிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

ஐம்பத்தைந்தில் படகில் போய்க் கப்பலேறிய அன்று, பன்னிரண்டாம் நம்பர் கதவைத் திறந்து இருவரும் உள்ளே போனார்கள். வட்டமாக ஒரு சன்னல், முகம் கழுவ ஒரு தொட்டி. சுவரோடு சேர்த்துத் திருகப்பட்ட இரண்டு கட்டில்கள், ஒன்றின்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற அகலம். அஞ்சலாட்சி மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தரையில் விரிக்க இன்னொரு மெத்தை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வருவதாகக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நீ இரு," என்றான் அரிகிருஷ்ணன். "நான் போறேன்."

வெகு நேரம் ஆளைக் காணோம். அவள் கதவருகிலேயே நின்றிருந்தாள். கடைசியில் தோளில் ஒரு மெத்தையும் கக்கத்தில் ஒரு தலையணையுமாக வந்து சேர்ந்தான். வேர்த்துக் கொட்டியிருந்தது. மெத்தையைத் தரையில் இறக்கிவிட்டு, நம்ப முடியாதவன் போல அவளைப் பார்த்தான்.

"கேட்டேன்," என்றான். "குடுத்துட்டாங்க."