முருகேசன் பெயர் எழுதிய சூட்கேஸோடு கடலில் ஒரு நாள்

எங்களுக்கு முன்பே சூட்கேஸ் வந்து அறை வாசலில் நின்றது. அதன் வயிற்றில் வெள்ளைப் பெயின்டில் ‘சி. முருகேசன், பாபநாசம்’ என்று பெரிதாக எழுதியிருந்தது. அத்தனை பெரிய கப்பலில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெயர்தான். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

முருகேசன் என் தோழி கனகாவின் அப்பா. துபாயில் வேலை பார்த்தபோது வாங்கிய பெட்டி அது. திருச்செந்தூர் போகிறோம் என்று பொய் சொல்லி அதைக் கனகாவிடம் இரவல் வாங்கியிருந்தேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிறகு பாபநாசத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். கூட்டம் இல்லாத நேரத்தில் இந்த இணையப் பக்கத்தில் எழுதுவேன். முன்பு பூம்புகார் போய்வந்ததை எழுதியபோது பஸ் நேரம் உதவியாக இருந்தது என்று சிலர் சொன்னார்கள். கப்பலில் போக நினைப்பவர்களுக்கு இதுவும் உதவலாம். எழுத வேண்டாம் என்றுதான் மூன்று வாரம் இருந்தேன்.

போன ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். எங்கள் ஊர்ப் பக்கம் புறவழிச்சாலை வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து மனை போடுகிறவர்கள் நிலம் கேட்டு அலைகிறார்கள். விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பதினொரு குடும்பங்களை ஒரு மனை நிறுவனம் கப்பலுக்கு அழைத்துப் போனது. கையெழுத்துப் போடாதவர்கள் ஊர் முகப்பில் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் கையெழுத்துப் போட்டவர்கள். கனகா வீட்டார் பந்தலில் இருந்தவர்கள்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரண்டு வருடமாக அறுக்கிற நேரத்தில் மழை பிடித்து நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் அம்மாவும் நானுமே இரண்டு ஏக்கரையும் நட்டோம். “இனிமே முடியாது” என்று அப்பா சொன்னபோது எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

பஸ் ஊருக்குள் வரவில்லை. நிறுவனத்துக்காக எங்கள் ஊரில் ஆள் பிடித்துக் கொடுத்தவர் தங்கராசு மாமா. கரை வேட்டியும் சட்டைப்பை நிறைய பேனாவுமாக இருப்பார். “ஊருக்குள்ள வண்டி வந்தா வேண்டாத பேச்சு. ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்துடுங்க” என்று சொல்லியிருந்தார். விடிவதற்குள் ஆட்டோவில் போனோம். பந்தலைத் தாண்டும்போது நான் குனிந்துகொண்டேன். 4.40க்கு பஸ் எடுத்தார்கள். சென்னைத் துறைமுகம் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். மூன்று இடத்தில் நிறுத்தி, 12.15க்குப் போய்ச் சேர்ந்தோம்.

முக்கியமான விஷயம், சாப்பாடு எடுத்துப்போகாதீர்கள். அம்மா ஒரு தூக்கு நிறைய புளிசாதம் கட்டியிருந்தாள். சோதனையில் நிறுத்திவிட்டார்கள். கொட்ட மனசு வராமல் அம்மா அதைத் திரும்ப பஸ்ஸுக்கே எடுத்துப்போனாள்.

டிரைவர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். “கப்பல்ல போறவங்க சோத்த நான் திங்கிறேன். என் யோகத்தப் பாருங்கம்மா.”

“தூக்க மட்டும் பத்திரமா வச்சிருங்க தம்பி. திரும்பி வந்து வாங்கிக்கிறேன்” என்றாள் அம்மா.

ஆதார் அட்டையைக் காட்டினால் போதும், உள்நாட்டுப் பயணத்துக்கு பாஸ்போர்ட் கேட்கவில்லை. ஆளுக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். கதவைத் திறக்கவும், கப்பலில் ஏறவும் இறங்கவும் அதுதான். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு கொண்டுபோங்கள். எங்கள் அறைக்கு ஜன்னல் இல்லை. ஜன்னல் உள்ள அறைக்கு விலை அதிகமாம். எங்கள் மாதிரி அறைக்கே ஒருவருக்கு இருபதாயிரத்துக்கு மேல் என்று பக்கத்து அறை அக்கா சொன்னார். நாங்கள் எதுவும் கட்டவில்லை. விலையைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாகிவிட்டது.

மாலை 6 மணிக்குக் கப்பல் நகர்ந்தது. ஒரு மணி நேரத்தில் போனில் சிக்னல் போய்விட்டது. கடைசியாக வந்தது கனகாவின் செய்தி: ‘எனக்கும் சேத்து வேண்டிக்கடி. பன்னீர் இலைத் திருநீறு மறக்காத.’ நான் பதில் போடவில்லை.

மறுநாள் சனிக்கிழமை முழுக்கக் கடல்தான். இந்தப் பயணத்தில் எந்த ஊரிலும் இறங்குவதில்லை, நடுக்கடல் வரை போய்த் திரும்புகிறது. 5.40க்கு அப்பாவும் நானும் பத்தாவது தளத்துக்குப் போனோம். சூரியன் வரும்போது அங்கே இருங்கள். ஏழு மணிக்கு மேல் போனால் நாற்காலி கிடைக்காது.

அப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவர் தூத்துக்குடிக்காரர். அப்பா அவரிடம் கேட்டார்: “இந்தத் தண்ணி எந்தப் பக்கம் பாயுதுங்க?”

“கடலு அண்ணாச்சி இது. எந்தப் பக்கமும் பாயும். மடையா கட்டியிருக்கு?”

“இல்ல, வாட்டம் சரிவுன்னு ஒண்ணு இருக்கணுமே.”

“உங்களுக்கு எந்த ஊரு?”

“பாபநாசம் பக்கம்.”

“அதான பாத்தேன்” என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நீச்சல் குளத்தில் தண்ணீர் கப்பலோடு சேர்ந்து ஆடி, கரை தாண்டி வழிந்தது. அது எந்த வழியாக வடிகிறது என்று அப்பா குளத்தைச் சுற்றிவந்து கண்டுபிடித்தார். பல நாள் கழித்து அவரை அப்படிப் பார்த்தேன்.

காலைச் சாப்பாடு 7 முதல் 10 வரை. எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். இட்லி உண்டு, சாம்பார் இனிக்கும். தட்டை நிரப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். நாங்கள் ஆசைப்பட்டு எடுத்துவிட்டு மீதி வைத்தோம். வீட்டில் ஒரு பருக்கை சிந்தினால் திட்டுகிற அம்மா, மிச்சத்தின்மேல் காகிதத்தைப் போட்டு மூடினாள்.

11 மணிக்கு ஒரு சின்ன அரங்கத்தில் நிறுவனத்தின் கூட்டம். பதினொரு குடும்பத்துக்கும் பொன்னாடை போட்டுப் படம் எடுத்தார்கள். நான் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். “பாப்பா, முன்னால வா. நாளைக்கு உன் கல்யாணப் பத்திரிகைக்கு ஆகும்” என்றார் தங்கராசு மாமா. எல்லாரும் சிரித்தார்கள். அவர் கெட்டவர் மாதிரியே இருக்க மாட்டார். தலைசுற்றலுக்கு அம்மாவுக்கு மாத்திரை தேடிக் கொடுத்ததும் அவர்தான்.

மதியம் அவரும் நிறுவனத்து மேனேஜரும் எங்கள் மேஜையிலேயே உட்கார்ந்தார்கள். அப்பா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

“பந்தல்ல இருக்கவங்கள என்ன பண்றது?” என்று மேனேஜர் கேட்டார்.

“ஒண்ணும் பண்ண வேணாம் சார்” என்றார் தங்கராசு மாமா. அப்பாவின் தோளில் கையைப் போட்டார். “அண்ணன் வயல் திங்கட்கிழமை பத்திரம் ஆயிடும். கீழ இருக்க ஒம்பது வீட்டு வயலுக்கும் தண்ணி அது வழியாத்தான் போவுது. வாய்க்கால மூடிட்டா எத்தன நாள் பந்தல்ல உக்காருவாங்க? தானா வருவாங்க. என்னண்ணே?”

அப்பா ஆரஞ்சுச் சுளையில் இருந்த நாரை ஒவ்வொன்றாக எடுத்தார். 

கனகா வீட்டு வயல் அந்த ஒன்பதில் முதலாவது. அதில் குறுவை நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நான் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வாய்க்கால் அரசுப் புறம்போக்கு கிடையாது. எங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே என்றைக்கோ வெட்டி, யாரும் கேட்காமலே எல்லாருக்கும் விட்டுக்கொண்டிருப்பது. நிலம் கைமாறினால் வாங்கியவர் அதை மூடிவிடலாம். பத்திர வேலைக்குச் சிட்டாவும் நிலப்படமும் என் கடையில்தான் எடுத்தோம். நான்தான் எடுத்தேன். படத்தில் வாய்க்காலுக்குக் கோடு இல்லை என்பதை அப்போதே பார்த்தேன். கீழ் வயல்களைப் பற்றி ஒரு நிமிடம் நினைக்கவும் செய்தேன். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் காகிதம் கொடுத்தால்தான் கப்பலில் எங்கள் பெயர் சேரும் என்று சொல்லியிருந்தார்கள். சிக்கல் இல்லாத படம், வேலை சீக்கிரம் முடியும் என்று சந்தோஷமாக மூன்று பிரதி போட்டேன்.

நாலு மணிக்கு அப்பாவைத் தேடினேன். காலையில் நின்ற அதே கம்பியருகில் நின்றார்.

“வாய்க்கா போவுதுன்னு பத்திரத்துல எழுதச் சொல்லலாம்லப்பா?”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“சொன்னீங்களா?”

“பொன்னாட போட்டவன்கிட்ட எப்படிக் கேக்குறது? வாய் வரல.” கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, “நீயும் யாருகிட்டயும் பேசாத. திங்கக்கிழம முடியட்டும்” என்றார்.

நான் பொதுவாகவே யாரிடமும் பேசாதவள். கடையில்கூடக் காகிதத்தை வாங்கி, எத்தனை பிரதி என்று விரலால்தான் கேட்பேன். அப்பாவுக்கும் அது தெரியும். என்னிடம் அதைச் சொல்லத் தேவையே இல்லை.

இரவு எட்டு மணிக்கு நடன நிகழ்ச்சி உண்டு, நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நான் போகவில்லை. ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் கை தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது.

ஞாயிறு காலை 7 மணிக்குச் சென்னை. இறங்க 9.30 ஆகிவிட்டது. பெட்டியை முந்தின இரவே வாசலில் வைக்கச் சொல்வார்கள், அதனால் மாற்று உடையைக் கைப்பையில் எடுத்து வையுங்கள். குளிரும், சால்வை வேண்டும். தலை சுற்றுகிறவர்கள் கீழ்த்தளத்தில் நடு அறையாகக் கேளுங்கள். குழந்தைகள் இருந்தால் போட்டியும் விளையாட்டும் நிறைய இருக்கிறது. கடல் அழகாகத்தான் இருந்தது. யாராவது உங்களைச் சும்மா அழைத்துப்போனால், எதற்காக என்று கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நான் நடுக்கடலில் தெரிந்துகொண்டேன்.

அம்மா முதலில் தூக்கை வாங்கினாள். டிரைவர் கழுவி வைத்திருந்தார். திரும்பும்போது விழுப்புரம் தாண்டி ஒரு மணி நேரம் நெரிசல். பாபநாசம் வரும்போது மாலை 6. தங்கராசு மாமா எல்லாரிடமும், “காலைல பத்து மணிக்கு ரெஜிஸ்டர் ஆபீஸ்” என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார். ஊர் முகப்பில் ஆட்டோ மெதுவாகப் போனது. பந்தலில் டியூப்லைட் எரிந்தது. இருபது பேர் இருப்பார்கள். கனகா ஓரத்தில் உட்கார்ந்து யாருக்கோ டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துங்கண்ணே” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி ஆட்டோக்காரர் கேட்டதில்லை.

அம்மா என் கையைப் பிடித்தாள். “பெட்டிய நாளைக்குக் கொடுத்துக்கலாம்டி.”

“நாளைக்குப் பத்து மணிக்குப் பத்திரம் ஆயிடும்மா” என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு நகர்ந்து வழி விட்டார்.

சூட்கேஸின் சக்கரம் மண்ணில் உருளவில்லை, தூக்கிக்கொண்டு நடந்தேன். கனகா எழுந்து ஓடிவந்தாள். “ஏன்டி, சாமியப் பாத்ததும் தோழிய மறந்துட்டியா? ஒரு மெசேஜ் இல்ல. திருநீறு எங்க?” முருகேசன் சித்தப்பா திரும்பிப் பார்த்தார். அவரோடு பந்தலே திரும்பியது.

பெட்டியை, அவர் பெயர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, கீழே வைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன். “நாங்க கோயிலுக்குப் போகல சித்தப்பா” என்று ஆரம்பித்தேன்.