மூன்று கண் பாலத்தில் எடை ஏற்றிப் பார்த்த கதை

வாங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா? வீட்டில் சுகம்தானே? உங்கள் பக்கம் மழை உண்டா? எங்கள் நெய்க்காரப்பட்டியில் தூறியதோடு சரி. அந்தத் தூறலை நம்பி விதைத்தவன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பயணம் கெட்டுவிடும், விடுங்கள்.

போன ஆவணியில் சாணார்பட்டிப் பக்கம் என் அக்கா பாக்கியத்தின் ஊருக்குப் போனேன். காரணம் ஒரு பாலம். ஊர் ஓடையின் மேல் மூன்று கண் வைத்த சின்னப் பாலம். அடியில் வெடிப்புக் கண்டதால் பெரிய வண்டிகள் போகக் கூடாதென்று அடைத்துவிட்டார்கள். டவுன் பஸ்ஸும் நின்றது. அக்கா விடியற்காலையில் மல்லிகைப்பூ மூட்டையோடு அந்த பஸ்ஸில்தான் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போவாள். பஸ் நின்றபின் மூட்டையைத் தலையில் வைத்து மெயின் ரோடு வரை மூன்று கிலோமீட்டர் நடை. முழங்கால் வீங்கிப் போயிருந்தது.

நான் போனபோது வெடிப்பை அடைத்துப் பழுது பார்த்திருந்தார்கள். இனி பாரம் ஏற்றிய லாரியை மேலே நிறுத்திச் சோதிப்பார்கள். தாங்கினால் பஸ் வரும். தாங்காவிட்டால் புதுப்பாலம் கட்டும்வரை அக்காவுக்கு நடைதான். சோதனைக்கு நிறுத்தும் இரண்டு டிப்பர் லாரிகளில் ஒன்றை ஓட்டுவது அக்கா புருஷன் தங்கராசு மச்சான். "மாப்ள, எனக்குப் படபடன்னு வருது, நீ கூட இரு" என்று போன் போட்டார்.

காலை 9:10க்குக் கிளம்பினேன். பழனிக்குப் பத்து கிலோமீட்டர், 12 ரூபாய். அங்கிருந்து திண்டுக்கல் அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு, 55 ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். கண்டக்டர் என் மடிப் பையைப் பார்த்து, "ஏனுங்க, உள்ள என்னங்க?" என்றார். வெல்லம் என்றேன். "இறுக்கிக் கட்டுங்க. எறும்பெல்லாம் டிக்கெட் எடுக்காதுங்க" என்றார். திண்டுக்கல்லில் நத்தம் ரோட்டு பஸ், 15 ரூபாய். சாணார்பட்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். அக்கா வீட்டில் கால் வைத்தபோது மணி 1:20. கத்திரிக்காய் வெஞ்சனம் சூடாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு கல் உடைக்கும் கிரஷரில் எம்-சாண்ட் மணல் ஏற்றினோம். எடை மேடையில் வண்டியோடு சேர்த்து 28 டன். சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் மச்சான். நாலு கிலோமீட்டர் வந்ததும் ஒரு தரிசில் வண்டியைத் திருப்பினார்.

"என்ன மச்சான்?"

"கொஞ்சம் எறக்கிட்டுப் போவோம் மாப்ள. பாவம், சீக்குல கெடந்து எந்திரிச்ச பாலம். அம்புட்டையும் ஒரேடியா ஏத்துனா தாங்குமா?"

கால்வாசி மணல் தரிசில் விழுந்தது. நான் தடுக்கவில்லை. அக்காவின் முழங்கால்தான் என் கண்ணில் நின்றது.

பாலத்தில் இருந்த இன்ஜினியர் அம்மாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். சீட்டைப் பார்த்துவிட்டு, நடுக்கண்ணின் மத்தியில் இரண்டு லாரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். பாலம் அங்கேதான் அதிகமாக வளையுமாம். அடியில் சாரம் கட்டி, உத்தரங்களுக்குக் கீழே கடிகாரம் போன்ற கருவிகளை வைத்திருந்தார்கள். உத்தரம் முடி அளவு இறங்கினாலும் முள் நகரும். பகல் வெயிலுக்கே பாலம் அசையுமாம், அதனால் மணிக்கொரு தரம் சூட்டையும் அளந்தார்கள்.

"பாலத்துக்கு மொதப் பாரமே அதோட ஒடம்புதாண்ணே. அது மேலதான் வண்டிப் பாரம், பிரேக் போடுற தள்ளு, எல்லாம்" என்றார் அந்த அம்மா. இந்த எடைக்கு ஒவ்வொரு உத்தரமும் மூன்று மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

வலது பக்கம் சரியாக மூன்று. மச்சான் வண்டி நின்ற இடது பக்கம் இரண்டரை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, குறைவாக இறங்கினால் நல்லதுதானே! அந்த அம்மா முகத்தில் சிரிப்பில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தார். லாரிகளைப் பின்னால் எடுக்கச் சொல்லி, இரண்டு பக்கக் கருவிகளையும் இடம் மாற்றி, மறுபடி நிறுத்திப் பார்த்தார். இடது பக்கம் அதே இரண்டரை. பிறகு மேலே ஏறி வந்து, குனிந்து லாரியின் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த வண்டி பட்டை படுத்துக் கெடக்கு. உங்களுது நிமிந்து நிக்குதே?"

மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "எறக்கிட்டேன் தாயி. பாலம் பாஸாகணும்னுதான். பூ மூட்டை தூக்கித் தூக்கி எம் பொண்டாட்டிக்குக் கால் போச்சு."

"அண்ணே, கொறஞ்ச எடையில பாஸ் போட்டுட்டேன்னு வைங்க. நாளைக்கு உங்க வீட்டம்மா வர்ற பஸ்ஸும், எதுத்தாப்ல கல்லு லோடு லாரியும் நடுப்பாலத்துல சந்திச்சா, அன்னைக்கு யாரு எறக்கி வைப்பா?"

மச்சான் வண்டியில் ஏறினார். மறுபடி மணல், மறுபடி எடை, இந்த முறை நேராகப் பாலம். மற்ற லாரியையும் பாலத்தை விட்டு இறக்கி, வெறும் பாலத்தில் முள்ளைப் புதிதாகக் குறித்துக்கொண்டு, மதியம் 12:40க்கு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் மூன்று வந்தது.

லாரிகள் ஒரு முழு நாள் அப்படியே நின்றன. அப்புறம் லாரிகளைப் பாலத்தை விட்டு இறக்கிவிட்டு இன்னொரு நாள் காத்திருந்தார்கள். இறங்கிய உத்தரம் முக்கால்வாசிக்கு மேல் நிமிர வேண்டும், அதுதான் சோதனை. இரண்டு நாளும் மச்சான் சரியாகச் சாப்பிடவில்லை. "ஏன்யா, பாலத்துக்குப் பதிலா நீரு வளையுறீரு" என்று அக்கா வைதாள். மூன்றாம் நாள் அந்த அம்மா படித்துக் காட்டினார்: இறங்கிய மூன்றில் அரை மில்லிகூட மிச்சமில்லை.

"தேறிருச்சுண்ணே."

"எம் முதுகுகூட இப்படி நிமிராது தாயி" என்றார் மச்சான். அன்று நாலு ஆட்டு எலும்பைத் தனியாகக் கடித்தார்.

அறிக்கை போய் உத்தரவு வர இரண்டு மாதம் ஆனது. இன்றைக்குத்தான் முதல் பஸ். அதற்காகவே மறுபடி வந்து, காலை ஐந்தே காலுக்கு நிறுத்தத்தில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாலம் ஏறும் இடத்து மேட்டில் வண்டியைத் துள்ள விடாதீர்கள், துள்ளி விழும் வண்டி தன் எடைக்கு மேல் அடிக்குமாம். போட்டோ எடுக்க நடுவில் நிறுத்தாதீர்கள். உத்தரங்களைப் பார்க்க ஆசையிருந்தால் வலது பக்கம் ஓடைக்குள் இறங்க ஒரு தடம் உண்டு, அதில் பத்தடி போய் அண்ணாந்து பார்த்தால்

"ஏலே, என்னத்தடா நோண்டுற? பஸ்ஸு பாலத்துல வருது பாரு! மூட்டைக்கு ஒரு கை குடு!"